குழந்தை சாய்கிறதா?

உத்தனப்பள்ளி
6.10.2024

அன்புத் தங்கை மாதேஸ்வரிக்கு அண்ணன் விமல்ராஜ் எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் அண்ணி பூங்கொடிக்கு மட்டும் இந்த மழையில் இருமல் விட மாட்டேன் என்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? தன்யாவுக்குச் சளி கிளி ஒன்றும் இல்லையே?

போன் இருக்கிற காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், அது மாப்பிள்ளையின் சட்டைப் பையில். அவர் என் நம்பரை முடக்கி வைத்து எட்டு மாதம் ஆயிற்று. பிரசவத்துக்கு இங்கே நம் வீட்டில் இருந்த உனக்கு வலி எடுத்த அன்று காலையில் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். நான் எனக்குப் பழகிய ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன். வழியில் சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் ரோட்டில் வந்து நின்றுகொண்டது, ஒரு மணி நேரம் யாரையும் விடவில்லை. யானை மறித்தால் நான் என்ன செய்ய? அதற்காக ஆஸ்பத்திரி வாசலில் என் சட்டையைப் பிடித்தார் மனிதர். குழந்தைதான் நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, இன்னும் என்ன கோபம்?

சரி, அதை விடு. எங்கள் கம்பெனியில் குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடும் உயர நாற்காலி ஒன்று செய்கிறோம். வடிவமைப்பு முழுக்க என் பொறுப்பு. ஆறு மாதக் குழந்தை முதல் உட்காரலாம். குழந்தை வளர்ந்ததும் காலைக் கழற்றிவிட்டால் மேல்பாகம் தனி இருக்கையாகிவிடும். பெரியவர்கள் நாற்காலியின் மேல் வைத்துப் பட்டையால் கட்டிவிட்டால் பிள்ளையும் மேஜைக்கு எட்டும். மேஜைக்கு எங்கே போவது என்கிறாயா? நம் வீடுகளில் தரைதான். விற்பது பெங்களூர்க்காரர்களுக்கு, நீ உட்கார வைத்துப் பார்த்தால் போதும்.

ஆறு வீட்டில் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வீடு உன் வீடு என்று எழுதிவிட்டேன். உங்கள் ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வரும் லாவண்யா நாற்காலியைக் கொண்டுவந்து தருவாள். கடிதமும் அவள் சாப்பாட்டுப் பையில்தான் போகும் வரும். உள்ளே ஏழு கேள்வி போட்ட தாள் இருக்கிறது. அளவெடுத்து உண்மையாக நிரப்பு. அதை வைத்துத்தான் நாற்காலி வார்க்கும் அடுத்த மோல்டு வெட்டுவோம்.

அப்புறம், காது குத்து எப்போது? ஒன்பதாம் மாதம் வந்துவிட்டது. தாய்மாமன் மடி தயாராக இருக்கிறது. பொட்டுத் தோடும் வாங்கியாயிற்று.

உன் அண்ணன்
விமல்ராஜ்


வேப்பனப்பள்ளி
14.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு மாதேஸ்வரி எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணிக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடு, கடை மருந்தாகக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நாற்காலி வந்த அன்று முதலில் ஏறி உட்கார்ந்தது எங்கள் கருப்புக் கோழி. விரட்டினால் கொத்த வருகிறது. ஆயுத பூஜைக்கு என் மாமியார் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். அழித்தால் போகவில்லை, உன் கம்பெனியில் கேட்டால் நீதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

தாளை நிரப்பியிருக்கிறேன். வயது எட்டு மாதம். இடுப்பு அகலம் 17.5 செ.மீ. இருக்கையிலிருந்து அக்குள் வரை 24. முழங்காலிலிருந்து குதிகால் 17. ஐந்தாவது கேள்வி, தானாக உட்காருகிறதா: ஆமாம். ஆறாவது, எத்தனை நிமிடம்: இருபது. ஏழாவது, குழந்தை சாய்கிறதா: இல்லை.

காது குத்து இந்த மாதம் வேண்டாம் அண்ணா. மாமியாருக்கு மூட்டு வலி. பிறகு பார்க்கலாம்.

மாதேஸ்வரி


உத்தனப்பள்ளி
3.11.2024

அன்புத் தங்கைக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்திருக்கும். பூங்கொடியின் இருமல் நின்றுவிட்டது, கஷாய டாக்டருக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

அடேயப்பா, இருபது நிமிடமா! ஆறு வீட்டுத் தாள்களையும் மேனேஜர் மேஜையில் பரப்பி வைத்தேன். உன் தாளைத்தான் கையில் எடுத்தார். "எட்டு மாசத்துல இவ்ளோ ஸ்டெடியா உக்காருதா? யாரு வீட்டுக் குழந்தை விமல்?" என்றார். "என் தங்கச்சி பொண்ணு சார்" என்றேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

இப்போது ஒரு வேலை. நாற்காலியில் இடுப்புக்கு ஒரு பட்டை, நெஞ்சுக்கு ஒரு பட்டை இருக்கிறதல்லவா? நெஞ்சுப் பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் உட்கார வைத்துப் பார். குழந்தை சாயவில்லை என்றால் அந்தப் பட்டையை எடுத்துவிடலாம் என்கிறார் மேனேஜர். மோல்டும் எளிதாகும். பழைய தாளையே மறுபடி நிரப்பி அனுப்பு.

லாவண்யாவிடம் தன்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அக்காகிட்டயே கேட்டுக்கோங்ண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ் பக்கம் ஓடிவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை பேச நேரமில்லை.

காது குத்துக்குத் தேதி எழுது. உன் மாமியாரின் மூட்டுக்கும் தன்யாவின் காதுக்கும் என்ன சம்பந்தம்?

விமல்ராஜ்


வேப்பனப்பள்ளி
28.11.2024

அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இடுப்பு 18. அக்குள் வரை 25. தானாக உட்காருகிறது. சாய்வதில்லை.

ஆனால் அண்ணா, அந்த நெஞ்சுப் பட்டையை எடுத்துவிடாதே. எல்லாக் குழந்தையும் ஒன்று போல இருக்காது. எங்கேயாவது ஒரு வீட்டில் ஒரு குழந்தை சாயும். அந்த அம்மாவுக்கு அது வேண்டும். மேனேஜரிடம் சொல்லிப் பார்.

லாவண்யாவை ஒன்றும் கேட்காதே, பாவம்.

மாதேஸ்வரி


உத்தனப்பள்ளி
22.12.2024

தங்கை மாதேஸ்வரிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

நெஞ்சுப் பட்டை போய்விட்டது. ஆறு வீட்டிலும் சாயவில்லை என்று எழுதியிருக்கும்போது நான் எதைக் காட்டி வாதாடுவது? மோல்டு வெட்டக் கொடுத்தாயிற்று.

அது கிடக்கட்டும். நேற்று சந்தையில் நம் பெரியம்மா மகன் ஸ்ரீராமைப் பார்த்தேன். தை மாதம் தன்யாவுக்குக் காது குத்துவதாகவும், அவன் மடியில் உட்கார வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகவும் சொன்னான். அவனும் முறைக்கு மாமன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது எவன் மடியோ எதற்கு? உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். உன் மகளுக்கு நாற்காலி செய்கிற எனக்கு என் மடியில் அவளை உட்கார வைக்கக் கொடுத்து வைக்கவில்லையா?

எனக்கு நெஞ்சு எரிகிறது மாதே. நீயும் இதற்குச் சம்மதித்தாயா? அதை மட்டும் எழுது.

விமல்ராஜ்


உத்தனப்பள்ளி
19.1.2025

மாதேஸ்வரிக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, உனக்குப் புடவை, தன்யாவுக்குப் பாவாடை எல்லாம் கட்டி அண்ணியோடு பஸ் ஏறி வந்தேன். தெருமுனையிலேயே மாப்பிள்ளை நின்றார். "வூட்டுப் பக்கம் வராதே" என்றார். பூங்கொடி எவ்வளவோ கேட்டுக்கொண்டாள். நீ வெளியே வரவே இல்லை. ஜன்னலுக்குள் உன் புடவை தெரிந்தது, அதையும் பார்த்தேன். கரும்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தோம். கண்டக்டர்கூட ஏன் என்று கேட்டார்.

நல்லது. உறவு வேண்டாம் என்றால் வேண்டாம். நாற்காலி கம்பெனிச் சொத்து. லாவண்யாவிடம் கொடுத்தனுப்பிவிடு.

விமல்ராஜ்


வேப்பனப்பள்ளி
27.1.2025

அண்ணனுக்கு,

நாற்காலியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். குங்குமக் கறை மட்டும் போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாதேஸ்வரி


உத்தனப்பள்ளி
2.2.2025

என் தங்கை மாதேவுக்கு,

சாப்பிட்டாயா? தன்யா சாப்பிட்டாளா?

நாற்காலி என் மேஜை மேல் மூன்று நாளாக இருக்கிறது. சோதனைக்குப் போன சாமான் திரும்பி வந்தால் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கீறியிருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. மற்ற ஐந்து வீட்டு நாற்காலியிலும் கால் பலகை கீறிக் கிடக்கிறது, தட்டின் விளிம்பு முழுக்கப் பல் தடம். பிள்ளைகள் உதைக்கும், கடிக்கும். உன் நாற்காலியில் கால் பலகை மேல் ஒட்டிய மெல்லிய தாள்கூட உரியவில்லை. தட்டில் ஒரு பல் தடம் இல்லை.

கோபத்தில், ஒரு நாள்கூட உபயோகிக்காமல் என்னை ஏமாற்றிவிட்டாய் என்று நினைத்தேன். அப்புறம் திருப்பிப் பார்த்தேன். இடது பக்கச் சுவர் உள்புறம் மழுங்கியிருக்கிறது. தலை எண்ணெய்க் கறை நடுவில் இல்லை, இடது மூலையில், அதுவும் தாழ இருக்கிறது. திருகில் உன் பழைய மஞ்சள் புடவையின் நூல் சிக்கியிருக்கிறது. ஒரு பக்கம் அண்டக் கொடுத்து வைத்திருக்கிறாய். நான் கழற்றச் சொன்ன நெஞ்சுப் பட்டையை நீ கழற்றவே இல்லை. அதில் கடைசித் துளைக்கும் அப்பால், இன்னும் இறுக்கிக் கட்ட, சூடான ஆணியால் புதுத் துளை ஒன்று போட்டிருக்கிறாய். பதினெட்டு செ.மீ. இடுப்புள்ள குழந்தைக்கு அந்தத் துளை தேவைப்படாது. தினம் தினம் உட்கார வைத்திருக்கிறாய்.

மாதே, தன்யா உட்காருவதில்லையா?

நீ அனுப்பிய அளவு யாருடையது? எதுவாக இருந்தாலும் எழுது. நான் திட்ட மாட்டேன்.

அண்ணன்


வேப்பனப்பள்ளி
5.2.2025

அண்ணா,

நான் சௌக்கியம் என்று எழுதிய கடிதம் எல்லாம் பொய். இதை மட்டும் உண்மை என்று வைத்துக்கொள்.

தன்யா உட்காருவதில்லை. கழுத்தே இன்னும் நிலையாக நிற்கவில்லை. இடது பக்கம் சரிந்துவிடுகிறாள். நான் அனுப்பிய அளவு லாவண்யாவின் அக்கா மகளுடையது. தன்யாவுக்கு நாலு நாள் மூத்தவள். அளக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளை டேப்பைப் பிடித்து இழுத்து விளையாடும். நான் வீட்டுக்கு வந்து அழுவேன். லாவண்யாவிடம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஆறாம் மாதம் கிருஷ்ணகிரியில் டாக்டரிடம் காட்டினோம். பிறந்ததும் அழுததா என்று கேட்டார். அழவில்லை என்றேன். மூளைக்கு மூச்சுக் காற்று போதாமல் இருந்திருக்கலாம் என்றார். "வாரா வாரம் வாங்க, பயிற்சி குடுத்தா கழுத்தும் முதுகும் தேறும். தள்ளிப்போட்டா அப்புறம் கஷ்டம்மா" என்றார். இரண்டு முறைதான் போனோம். மாமியார், ஊர் வாய்க்குப் பயந்து, குழந்தையை வெளியே எடுக்காதே என்றார். வீட்டுக்காரருக்கும் மாந்தோப்பில் வேலை. நானும் தனியாகப் போகத் தைரியமில்லாமல் இருந்துவிட்டேன். ஐந்து மாதம் போயிற்று. அது என் தப்பு.

ஸ்ரீராம் அண்ணனைக் கேட்டதற்கு நான் சம்மதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கேட்டதோடு சரி, குத்தவில்லை. "தல நிக்காத கொழந்தைய சபையில எப்படி உக்கார வெக்கிறது" என்று மாமியார் நிறுத்திவிட்டார். பொங்கல் அன்று நான் ஜன்னலுக்குள் நின்றதும் தன்யாவோடுதான். நீ உள்ளே வந்தால் அவளைத் தூக்குவாய். தூக்கினால் தெரிந்துவிடும்.

அவர் உன் மேல் கோபப்படுவது அன்று ஆஸ்பத்திரி வாசலில் நடந்த சண்டைக்காக இல்லை. "அவன் கிருஷ்ணகிரி ரோட்ல போயிருந்தா எம் பொண்ணு உக்காந்திருப்பா" என்று தினமும் சொல்கிறார். அந்த ஒரு மணி நேரம்தான் காரணமா என்று டாக்டரிடம் நானே கேட்டேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நீ தினமும் அந்தச் சானமாவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாய். இதைத் தெரிந்துகொண்டு எப்படித் தாண்டுவாய் என்றுதான் மறைத்தேன்.

தங்கை


உத்தனப்பள்ளி
9.2.2025

மாதே,

அண்ணி அழுது அழுது தலைவலியில் படுத்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை.

நேற்று சானமாவில் பைக்கை நிறுத்தினேன். நாம் அன்று நின்ற அதே புளியமரத்தடி. வனத்துறைக்காரர் ஓடி வந்து, "யோவ், சாவுறதுக்கா நிக்கிறே? காலைலதான் இருவது யானை கிராஸ் ஆச்சு" என்று சத்தம் போட்டார். அன்று வண்டியில் நீ பின்சீட்டில் அண்ணியின் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். "திருப்பிடுங்க, ராயக்கோட்டை வழியா கிருஷ்ணகிரி போயிடலாம்" என்று பூங்கொடி சொன்னாள். இதோ விட்டுவிடுவார்கள், இதோ விட்டுவிடுவார்கள் என்று நான்தான் நின்றேன். யானை மறித்தால் நான் என்ன செய்ய என்று உனக்கு எழுதினேனே, திருப்பியிருக்கலாம். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மாப்பிள்ளைக்கும் சொல், அவர் கோபம் நியாயம்தான் என்று.

மேனேஜரிடம் உன் தாள் பொய் என்று சொல்லிவிட்டேன். "ஒரு வீட்டு ரிப்போர்ட் பொய்னா மத்த அஞ்ச எப்படி நம்புறது?" என்று கத்தினார். கத்தட்டும். என்னை வடிவமைப்பிலிருந்து எடுத்து லைனில் சாமான் பார்க்கும் வேலைக்குப் போட்டுவிட்டார். நெஞ்சுப் பட்டை இல்லாமல் மோல்டு வெட்டியாகிவிட்டது, அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடிவு தெரியவில்லை.

பதினெட்டாம் தேதியிலிருந்து என் வார விடுமுறையைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டேன். வரும் பதினாறாம் தேதி ஞாயிறு வீட்டுக்கு வருகிறேன். மாப்பிள்ளை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அதற்கப்புறம் செவ்வாய்தோறும் வண்டி கொண்டுவருகிறேன், தன்யாவைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகலாம். எந்த ரோடு என்று அவரே சொல்லட்டும்.

பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு வயது நிறைகிறது. பாயசம் வைத்து ஒரு சொட்டு நாக்கில் தடவு, மாமன் கொடுத்ததாகச் சொல்.

அண்ணன்


வேப்பனப்பள்ளி
22.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் வீடு போய்ச் சேர்ந்ததை லாவண்யா சொன்னாள். தன்யாவுக்குக் குத்திய காது வீங்கவில்லை, மஞ்சள் எண்ணெய் தடவுகிறேன்.

நீ வாசலில் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை, ஐந்து செவ்வாய் போய்விட்டது, காது குத்தும் ஆயிற்று. அவர் இன்னும் உன்னோடு பேசவில்லை, எனக்கும் தெரிகிறது. ஆனால் போன செவ்வாய் வண்டியில் குழந்தைக்குப் போர்த்தத் துண்டைக் கொண்டுவந்து வைத்தது அவர்தான். டாக்டரும் நடப்பாள் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. விட்ட ஐந்து மாதத்தை யார் திருப்பித் தருவார்?

காது குத்தும்போது நீ குனிந்து குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ பார்க்காததை எழுதுகிறேன். ஆசாரி "தலைய ஆடாம புடிங்க மாமோவ்" என்றதும் உன் இடது கையை அகல விரித்து அவள் விலாவுக்குக் கீழே கொடுத்தாய். வலது கைக் கட்டைவிரல் தாடைக்கு அடியில். அவள் நேராக உட்கார்ந்தாள் அண்ணா. இரண்டு காதும் குத்தி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

கம்பி இறங்கியதும் அழுதாளே, அந்தச் சத்தம்! ஒரு வருடமாகப் பூனைக்குட்டி மாதிரி முனகுவாள், அவ்வளவுதான். பிறந்த அன்று அழ வேண்டியதை எல்லாம் உன் மடியில் சேர்த்து அழுதாள். சபைக்கு வர மாட்டேன் என்று மோட்டார் ரூம் பக்கம் போன மனிதர் அந்தச் சத்தம் கேட்டு ஓடி வந்தார். என் பின்னால் நின்றுகொண்டு, "எம் பொண்ணா அழுவுது? எம் பொண்ணா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர். நீ நிமிர்ந்து பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் அவரே வந்து, "உங்கண்ணன் கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். காட்டினேன். டேப்பை எடுத்து வந்தேன். ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவர் பிடித்தார். எண்ணை அவர்தான் படித்துச் சொன்னார். உன் பழைய தாள் ஒன்று மிச்சம் இருந்தது, அதில் நிரப்பியிருக்கிறேன். கம்பெனிக்கு வேண்டாம் என்றாலும் நீ வைத்துக்கொள். இவளுக்கென்று ஒன்று செய்.

இடுப்பு அகலம் 15 செ.மீ. இருக்கையிலிருந்து அக்குள் வரை 22. முழங்காலிலிருந்து குதிகால் 16. உன் கை இருந்த இடம், இருக்கையிலிருந்து 13.

ஐந்தாவது கேள்வி, தானாக உட்காருகிறதா: இல்லை.
ஆறாவது, எத்தனை நிமிடம்: மாமன் பிடித்தால் நான்கு.
ஏழாவது, குழந்தை சாய்கிறதா: ஆமாம். இடது பக்கம்.

மாதேஸ்வரி